காலித் தோட்டாவும் கதர் நூலும்

தமிழில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு வேலை. நோய் தீர்ப்பதும் மருந்து, துப்பாக்கிக் குழலுக்குள் இட்டுக் கெட்டிப்பதும் மருந்து. இரண்டும் ஒரு காலத்தில் இடித்து, சலித்து, உலர்த்தி, கையால் ஆக்கப்பட்டவை என்பதை அந்தச் சொல் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. 'துப்பாக்கி' துருக்கி மொழியில் பிறந்து பாரசீகம் வழியாக நம்மிடம் வந்த சொல். 'தோட்டா' இந்துஸ்தானியிலிருந்து வந்தது. கருவிக்கும் உறைக்கும் பிறமொழிப் பெயர்களை ஏற்றுக்கொண்ட தமிழன், உள்ளே இடும் பொருளை மட்டும் தன் வீட்டுச் சொல்லாலேயே அழைத்தான். அப்பொருள் அவன் வீட்டிலேயே உண்டானதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பிப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வியை இந்தக் கோணத்திலிருந்தே அணுக விரும்புகிறேன். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் குறிசுடுவோரும் மாடத்தில் ஒரு சிறு அழுத்துபொறியை வைத்துக்கொண்டு இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். நம் நாட்டில் கேட்டால் ஒரே வரியில் விடை கிடைத்துவிடும்: சட்டம் அனுமதிக்காது. அது சரியான விடைதான், ஆனால் முழுமையான விடை அல்ல. சட்டம் கையைக் கட்டியது ஒரு பாதி. கைக்கு எட்டாத இடத்திற்கு அந்தத் தொழில் நகர்ந்துபோனது மறுபாதி. இரண்டும் சேர்ந்து நடந்த இருநூறு ஆண்டுகளின் கதையில் நம் கொங்கு நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. திருப்பூரின் பஞ்சுக்கும் உண்டு.

உவர்மண்ணின் காலம்

கரிமருந்துக்கு வேண்டியவை மூன்று: வெடியுப்பு, கரி, கந்தகம். இவற்றுள் பெரும்பங்கு வெடியுப்பினுடையது. அது கிடைத்த இடம் மாட்டுத் தொழுவமும் பழைய மண்சுவரும் ஊரோரத்து உவர்நிலமும். கால்நடையின் சிறுநீரும் சாணமும் ஊறிய மண்ணில் இயற்கையாகவே அது விளையும். மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட மக்கள் இந்தியா முழுவதும் இருந்தார்கள். பீகாரின் நூனியர்கள் எடுத்த வெடியுப்புதான் பாட்னா வழியாகக் கப்பலேறி, பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போர்களுக்கு மருந்தாயிற்று. தமிழ்நாட்டில் உவர்மண்ணிலிருந்து உப்பெடுத்த உப்பிலியரைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

கரி எந்த அடுப்பிலும் உண்டு. கந்தகம் கடைச்சரக்கு. குண்டுக்கு ஈயம் வேண்டும், அதை உருக்க ஒரு கரண்டியும் வார்க்க ஓர் அச்சும் போதும். திரித்துப்பாக்கியைப் பற்றவைப்பதோ கனலும் கயிற்றுத்திரி. ஆக, 1800ஆம் ஆண்டளவில் ஒரு பாளையத்தின் கொல்லனும் உப்பெடுப்பவனும் ஒத்துழைத்தால், துப்பாக்கிக்கு வேண்டிய எதற்கும் வெளியே போகவேண்டியதில்லை. ஒருமுறை சுட்டபின் அடுத்த முறைக்கு நிரப்புவது என்பது தனி வித்தையே அல்ல. சுடுவதன் முதற்பாதியே அதுதான்.

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்த தீரன் சின்னமலை ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு கும்பெனிப் படையை எதிர்த்து நின்ற ஆண்டுகளை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். அவர் ஓடாநிலையில் பீரங்கி வார்த்தார், பிரெஞ்சுக்காரர் துணை இருந்தது என்றெல்லாம் வழங்கும் கதைகளில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பிற்காலப் பெருமிதம் என்று ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்லட்டும். நமக்கு முக்கியமானது வேறு. கோட்டைக்குள்ளேயே ஆயுதம் ஆக்கினார் என்ற செய்தியைக் கேட்டவர்கள் நம்பமுடியாத அதிசயமாகக் கருதவில்லை. அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் அப்படிப்பட்ட கதைக்கு இடம் கொடுத்தது.

கும்பெனிக்கும் இது தெரிந்தே இருந்தது. கட்டபொம்மனின் வீழ்ச்சியும் ஊமைத்துரையின் எழுச்சியும் மருதிருவர் தூக்கிலேறியதும் கழிந்த கையோடு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களின் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டும் என்பது அதன் சாரம். பாளையக்காரர்களுடன் நடந்த போரின் உண்மையான முடிவு அந்தத் தாளில்தான் இருக்கிறது. கொங்கில் மட்டும் நெருப்பு இன்னும் சில ஆண்டுகள் கனன்றது. 1805 ஜூலை 31 அன்று சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அதே 1805இல்தான் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பின்னது வருவாய்க்காகச் செய்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். உவர்மண்ணைக் காய்ச்சினால் வெடியுப்போடு சாப்பாட்டு உப்பும் சேர்ந்தே வரும். எனவே உப்புக்குக் காவல் போட்ட அரசு, காலப்போக்கில் அந்த மண்ணைக் காய்ச்சும் கைகளுக்கும் காவல் போட்டது. மருந்தின் முதற்சரக்கு சந்தடியில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறத் தொடங்கியது இவ்வாறுதான்.

ஒரு காகிதப் பொட்டலம்

தோட்டா என்பது தொடக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் மட்டுமே. ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தும் குண்டும் அளந்து கட்டியது. அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைத் திணித்துச் சுட வேண்டும். இந்தப் பொட்டலத்தில் பூசிய கொழுப்பு 1857இல் என்ன செய்தது என்பது பள்ளிப் பாடம். பாடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு செய்தி நம் பொருளுக்கு நெருக்கமானது. அவ்வாண்டு ஜனவரி மாதக் கடைசியில், சிப்பாய்களின் அச்சம் வெளிப்பட்டதும், அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: இனிக் கொழுப்புப் பூசாத தோட்டாக்களே கிடங்கிலிருந்து வரும், எந்தப் பொருளைப் பூசுவது என்பதைச் சிப்பாய்கள் தாங்களே முடிவுசெய்து தங்கள் கையாலேயே பூசிக்கொள்ளலாம்.

அதற்குள் சந்தேகம் ஆழமாக வேரூன்றிவிட்டதால் அந்தச் சலுகை பயன்படவில்லை. எனினும் அது ஒரு தருணம். தோட்டாவின் ஒரு பகுதியையேனும் பயன்படுத்துபவன் தன் கையால் ஆக்கிக்கொள்ளலாம் என்று இந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது அப்போதுதான். அதன்பின் வந்ததெல்லாம் நேரெதிர்த் திசையில். கலகம் அடங்கியபின் இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைச் சிப்பாயைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியே தரப்பட்டது. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாத இந்தியன் கையில் துப்பாக்கி இருப்பதைக் குற்றமாக்கியது. 1918இல் படைக்கு ஆள் திரட்ட இறங்கிய காந்தியே தம் துண்டறிக்கையில் இச்சட்டத்தைக் கடுமையாகச் சாடினார் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

கடுகளவு கேப்பு

சட்டம் ஒருபுறம் இருக்க, தொழில்நுட்பம் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் பாதிரியாரான அலெக்சாண்டர் ஃபோர்சைத் பறவை வேட்டைப் பிரியர். சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் எழும் பொறியைக் கண்டு பறவைகள் தப்பிவிடுவது அவருக்கு எரிச்சலூட்டியது. தட்டினாலே வெடிக்கும் ரசாயனப் பொடியைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் அவர் காப்புரிமை பெற்றார். எட்வர்டு ஹோவர்டு 1800இல் விவரித்திருந்த பாதரச ஃபல்மினேட் பின்னாளில் இதற்கு வாகாக அமைந்தது. அந்தப் பொடியைச் சிறு செப்புத் தொப்பிக்குள் அடைத்ததே 'கேப்பு'. தீபாவளிக்குச் சிறுவர்கள் பொம்மைத் துப்பாக்கியில் வைக்கும் கேப்பு அதன் தூரத்து உறவு.

இந்தக் கடுகளவுப் பொருளில்தான் வீட்டுத் தொழிலின் தலையெழுத்து மாறியது. கரிமருந்து தவறாகப் போனால் புகையும், எரியும், சிலசமயம் கையைச் சுடும். கேப்பின் பொடியோ உராய்வையே பொறுக்காது. அதைச் செய்யத் தூய அமிலங்களும் ரசாயனத் தேர்ச்சியும் வேண்டும். உரலும் அடுப்பும் அங்கே பயன்படா. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த குடியானவனும் வேட்டைக்காரனும் மருந்தைத் தானே இடித்துக்கொண்ட காலத்திலும், கேப்பைக் கடையிலிருந்துதான் வாங்கினான். கடைக்காரன் உரிமம் கேட்டான். எளிய நாட்டுத் துப்பாக்கியின் கழுத்தில்கூட அரசு கயிறு கட்டியது இந்த இடத்தில்தான்.

1860களில் தோட்டா பித்தளைக்கு மாறியது. இன்று நாம் காணும் ரைபிள் தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மூன்று போய்விடும், மிஞ்சுவது கூடு மட்டுமே. தோட்டாவின் விலையில் கூட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால் அதை எறிய மனம் வராதது இயல்பு. அமெரிக்கச் சமவெளிகளில் 1870களில் காட்டெருமைகளைக் கொன்று குவித்த வேட்டைக்காரர்கள், இரவில் கூடாரத்தில் அமர்ந்து பழைய கூடுகளை நிரப்பிக்கொண்டார்கள். 1884இல் ஜான் பார்லோ என்பவர் இதற்கான கைக்கருவிகளைச் செய்து விற்கவே ஒரு நிறுவனம் தொடங்கினார். மறுநிரப்பல் அங்கே ஒரு வீட்டுக்கலையாக வேரூன்றியதற்கு அவர்களின் கைத்திறன் மட்டும் காரணமல்ல. கேப்பும் மருந்தும் மளிகைச் சாமான்போல அங்கே கடையில் கிடைத்தன. வீட்டில் நடந்தது கோக்கும் வேலை. ஆக்கும் வேலை அங்கும் ஆலையில்தான்.

கூட்டின் அமைப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1866ஐ ஒட்டி இருவர் இருவிதக் கேப்பு முறைகளை வகுத்தார்கள். ஆங்கிலேயரான எட்வர்டு பாக்ஸரின் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஓர் ஊசியால் குத்தினால் பழைய கேப்பு கழன்றுவிடும். அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் முறையில் இரண்டு சிறு துளைகள், நடுவே கூட்டோடு ஒட்டிய ஒரு முனை. பழைய கேப்பைக் கழற்றுவது பெரும்பாடு. காலம் இரண்டையும் இடம்மாற்றியது. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் முறையை ஆங்கிலப் படை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் புழங்கிய 'த்ரீ நாட் த்ரீ' தோட்டாக்கள் பெர்டன் வகை. கேப்பில் பாதரசம் இருந்த காலத்துக் கூடுகளுக்கு இன்னொரு நோயும் உண்டு. பாதரசம் பித்தளையில் ஊறி அதை நொய்யச் செய்துவிடும். பார்வைக்குப் பொன்போல் மின்னும் கூடு அடுத்த வெடிக்குள் பிளந்துவிடலாம்.

பேரரசின் அச்சம்

ஒரு வல்லரசு எதற்கு அஞ்சுகிறது என்பதை அதன் தடைகளைக் கொண்டு அறியலாம். வடமேற்கு எல்லைப்புறத்தில் பட்டாணியர் கையில் பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிள்கள் பல இருந்தன. அதன் குழல் .450 அளவு. வெள்ளை வேட்டைக்காரர்கள் யானைக்கும் புலிக்கும் பயன்படுத்திய பெரிய ரைபிள்களின் குழலும் அதே அளவு. வேட்டைக்காக இறக்குமதியாகும் குண்டுகள் களவுபோய், மறுநிரப்பிய தோட்டாக்களில் ஏறி, தம் படை மீதே பாயும் என்று அரசு அஞ்சியது. 1907இல் .450 அளவுக்கு இந்தியாவில் தடை வந்தது. புலிவேட்டை நின்றுவிடக்கூடாதே என்று இங்கிலாந்தின் புகழ்பெற்ற துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் .465, .470, .475 என்று புதிய அளவுகளைப் படைத்தார்கள். இன்றும் ஆப்பிரிக்காவில் யானை வேட்டை ரைபிள் என்றால் .470 என்று பேசப்படுவதற்குப் பின்னால், எங்கோ ஒரு மலைக்குடிசையில் பழைய கூட்டை நிரப்பிக்கொண்டிருந்த ஒருவனைப் பற்றிய அச்சம் இருக்கிறது.

குடிமக்களுக்குப் படையின் அளவில் ரைபிள் கூடாது என்ற கொள்கை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் குடிமக்களுக்கென .315 அளவில் ரைபிள் செய்து விற்றது இதனால்தான். படையின் தோட்டா அதில் பொருந்தாது. அளவு என்பதே ஒரு பூட்டு.

பஞ்சின் இன்னொரு முகம்

இனி நம் ஊர்ச் சரக்குக்கு வருவோம். பேசல் நகரத்து வேதியியலார் ஷோன்பைன் வீட்டுச் சமையலறையில் அமிலத்தைச் சிந்தி, மனைவியின் பருத்தி மேலாடையால் துடைத்து, அடுப்பருகே உலர்த்த, அது பளிச்சென எரிந்து மறைந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், 1846இல் அவர் உலகிற்கு அறிவித்தது வெடிபஞ்சு. வெள்ளைப் பருத்தி, தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் கரிமருந்தைவிடப் பன்மடங்கு வேகம், புகையும் இல்லை. மறு ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஆலையில் அது வெடித்துச் சுமார் 20 பேர் மாண்டார்கள். பஞ்சிழையின் உள்ளே தங்கிவிடும் அமிலம்தான் எமன் என்று கண்டுபிடித்து, இழையைக் கூழாக அரைத்துக் கழுவும் முறையை ஃபிரடெரிக் ஏபல் 1865இல் வகுக்கும்வரை அதை அடக்க முடியவில்லை. 1884இல் பிரான்சின் பால் வியேய் அதிலிருந்து புகையில்லா மருந்தைப் படைத்தார். 1889இல் ஏபலும் டூவரும் வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் வாசலினையும் பிசைந்து கயிறுகயிறாக இழுத்த 'கார்டைட்' வந்தது.

இந்தக் கார்டைட்டுக்கான ஆலை எழுந்த இடம் நம் மலைமேல், குன்னூரை அடுத்த அருவங்காட்டில். 1904ஐ ஒட்டித் தொடங்கிய அந்த ஆலைக்கு மின்சாரம் தரவே காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். தென்னிந்தியாவின் மிகத் தொடக்ககால மின்நிலையங்களில் அது ஒன்று. மின்விளக்கு என்றால் என்னவென்று கோவைச் சீமை அறியாத நாளில், மருந்து பிசையும் ஆலை மின்சாரத்தில் ஓடியது. ஊட்டி ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்துதான் போகிறோம். 2021 அக்டோபர் முதல் அவ்வாலை மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது.

அதே ஆண்டுகளில் கீழே சமவெளியில் கருங்கண்ணிப் பருத்தியோடு கம்போடியாப் பருத்தியும் பரவிக்கொண்டிருந்தது. திருப்பூர் அப்போது பனியன் ஊர் அல்ல, பஞ்சுச் சந்தை. கொட்டை நீக்கும் ஆலைகள் ஓடிய ஊர். அரைத்தபின் கொட்டையின்மேல் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சை நூற்க முடியாது, ஆனால் வெடிபஞ்சுக்கு உலகெங்கும் அதுவே சிறந்த மூலப்பொருள். கொங்குக் குடியானவன் வெடியுப்புக் காலத்தில் மருந்தின் மூலப்பொருளையும் மருந்தையும் ஒருசேர அறிந்திருந்தான். பஞ்சுக் காலத்தில் மூலப்பொருள் அவன் காட்டிலேயே விளைந்தது. அது மருந்தாகும் வித்தை மட்டும் மலைமேல் மதிலுக்குள் போய்விட்டது.

ஏன் அந்த வித்தை கீழே இறங்கவில்லை என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லலாம். பனியன் கம்பெனியில் நூல் எண் மாறிப்போனால், தையல் பிசகினால், சரக்கு 'செகண்ட்ஸ்' ஆகும். விலை குறைத்து விற்றுவிடலாம். தோட்டாவில் செகண்ட்ஸ் கிடையாது. கரிமருந்துக் காலத்தில் கூடு நிறைய மருந்து கொண்டது, அளவு மிகுந்தால் இடமிருக்காது. புகையில்லா மருந்து கூட்டின் ஒரு பகுதியிலேயே அடங்கிவிடும், கவனம் தவறி இருமுறை இட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு மருந்துகள் எரியும் வேகத்தில் பெரிதும் வேறுபடும். பிழையின் விலையைக் கொடுப்பது கன்னத்தோடு ஒட்டிப் பிடித்த ரைபிளும் அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணும்.

1930 ஏப்ரல்

தோட்டா வீட்டைவிட்டுப் போனதன் அரசியல் பொருள் இருபதாம் நூற்றாண்டில் துலங்கியது. 1911இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ராடா கம்பெனியின் சரக்கைக் கைப்பற்றிய புரட்சியாளர்கள் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளோடு 46,000 தோட்டாக்களையும் கவர்ந்தார்கள். துப்பாக்கி ஒன்றுக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல். தீர்ந்தால் ஆக்கிக்கொள்ள முடியாது என்பதால் அந்தத் தோட்டாக்கள் துப்பாக்கியைவிட அரிய செல்வமாயின.

1930 ஏப்ரல் 18 இரவு சூரியா சென்னின் தோழர்கள் சிட்டகாங் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினார்கள். திட்டம் துல்லியம், துணிச்சல் நிகரற்றது, துப்பாக்கிகள் கைக்கு வந்தன. ஆனால் தோட்டாக்கள் வைத்திருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பாளையக்காரர் காலத்து வீரன் ஒருவன் அங்கிருந்திருந்தால், மருந்துதானே, இடித்துக்கொள்வோம் என்றிருப்பான். 1930இல் அப்படிச் சொல்ல வழியில்லை. தோட்டா இல்லாத ரைபிள் ஒரு கனத்த தடி.

அதே நாட்களில் தமிழ்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பிய இராஜாஜியின் அணி, சிட்டகாங் தாக்கப்பட்ட இரவில் தஞ்சை மாவட்டத்து வழியில் இருந்தது. ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளியது. 1805இல் அரசு பூட்டிய அதே உப்பு. ஒரு கைப்பிடி மண்ணும் உவர்நீரும் போதும், யார் வேண்டுமானாலும் செய்யலாம், தீர்ந்தால் மறுநாளும் செய்யலாம்.

கதரும் அப்படித்தான். திருப்பூர் அந்நாளில் தமிழ்நாட்டுக் கதர் உற்பத்தியின் பெருமையம். வெடிபஞ்சாகும் அதே பருத்தி ராட்டையில் நூலானது. அதற்கு அமிலம் வேண்டாம், மதில் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சென்னிமலையில் பிறந்து திருப்பூரில் கணக்கெழுதிப் பிழைத்த குமரன் 1932 ஜனவரி 10 அன்று ஊர்வலத்தில் ஏந்திச்சென்றது ஒரு கொடி. தடியடியில் மண்டை பிளந்து மறுநாள் இறந்தார்.

அகிம்சை ஓர் அறம். அதைத் தொழில்நுட்பத்தின் விளைவு என்று சுருக்கிவிட நான் துணியமாட்டேன். காந்தியின் வழி தோட்டா கிடைக்காததால் பிறந்ததன்று. ஆனால் அந்த வழி இலட்சக்கணக்கானோர் நடக்கக்கூடிய வழியாக ஆனதற்கு ஒரு காரணம், அது வீட்டில் செய்ய முடிந்தவற்றைக் கருவியாகக் கொண்டது என்பது. ஓடாநிலையின் காலத்தில் வீடு மருந்தை ஆக்கியது, எனவே மருந்தால் போராட முடிந்தது. 1930இல் வீட்டின் கையில் எஞ்சியிருந்தவை உப்பும் நூலும். ஒரு போராட்டம் நீடிக்க வேண்டுமானால் அதன் கருவி தீரும்போது மறுநிரப்பிக்கொள்ள முடியவேண்டும். சிட்டகாங்கின் வீரர்களுக்கு அது இயலவில்லை, ராட்டைக்கு இயன்றது.

இன்றைய கணக்கு

முதற்கேள்விக்குத் திரும்பலாம். இன்று திருப்பூரில் உரிமம் பெற்ற ரைபிள் வைத்திருக்கும் ஒருவர் காலிக் கூடுகளைச் சேர்த்துவைத்து வீட்டில் நிரப்பிக்கொள்ள முடியுமா? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்பதன் வரையறைக்குள் அதன் உறுப்புகளும் அதை ஆக்கும் இயந்திரங்களும் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளன. ஆக்குவதற்குத் தனி உரிமம் வேண்டும், வைத்திருப்பதற்கான உரிமம் அதற்குப் போதாது. மீறினால் சிறை. சட்டத்தை ஒரு கணம் ஒதுக்கிப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். கேப்பும் மருந்தும் கடையில் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில்தான் மறுநிரப்பல் சிக்கனம். அவை இல்லாத இடத்தில் வீட்டிலேயே ஆக்க முனைவது சிக்கனத்திலிருந்து சாவுக்குப் போகும் குறுக்குவழி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டையும் இல்லை. ஆண்டுக்குச் சில தோட்டாக்கள் சுடுகிறவருக்கு மிச்சப்பட என்ன இருக்கிறது?

கல்லூரிகளில் தேசிய மாணவர் படையினர் சுடும் 'பாயின்ட் டூ டூ' ரைபிளின் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அதன் விளிம்பில் ஒரு பள்ளத்தைக் கண்டிருப்பார்கள். அதில் தனிக் கேப்பே கிடையாது. வெடிக்கும் பொடி விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டது, ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். மறுநிரப்ப வழியே இல்லாத அந்தக் கூடுகளையும் சுடுதளத்தில் ஒன்று விடாமல் பொறுக்கி எண்ணி ஒப்படைக்கிறார்கள். இருநூறு ஆண்டு எச்சரிக்கை ஒரு சடங்காகத் தங்கிவிட்டது.

வெடிமருந்தை வீட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்து வளர்ந்த சிவகாசி வட்டாரம், மருந்தைக் கையால் தொட்டு வாழும் ஊர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை செய்தித்தாளின் உள்பக்கங்களில் இருக்கின்றன. உரிமமும் ஆய்வாளரும் தனித்தனி அறைகளும் இருக்கவேண்டிய ஆலைகளிலேயே இந்த நிலை. 'நம் முன்னோர் வீட்டிலேயே மருந்து இடித்தார்கள்' என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள், அப்படி இடித்தவர்களில் விரலும் கண்ணும் இழந்தவர்களின் பெயரை எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வீட்டில் எதைச் செய்துகொள்ள முடியும், எதை வெளியிலிருந்து வாங்கியே ஆகவேண்டும் என்ற எல்லைக்கோடு ஒவ்வொரு தலைமுறையிலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தோட்டாவின் கதையில் அந்தக் கோடு ஒரு கடுகளவு கேப்பின்மேல் வரையப்பட்டது. அந்தக் கோட்டுக்கு அப்பால் போனதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கோட்டுக்கு இப்பால் இன்னும் என்னென்ன மிஞ்சியிருக்கின்றன என்று அவ்வப்போது எண்ணிப் பார்க்கவேண்டும். இன்று திருப்பூரில் எத்தனை வீடுகளில் பஞ்சை நூலாக்கத் தெரிந்த கை இருக்கிறது?